கணக்கில் வராத பசி

கந்தர்வக்கோட்டைப் பக்கம் பங்குப்பணி செய்கிறவனுக்கு இறையியல் தெரிந்தால் மட்டும் போதாது; மூன்று கணக்குகளும் தெரிந்திருக்கவேண்டும். முந்திரிக்கொட்டை இன்று என்ன விலைக்குப் போகிறது, அடகு வைத்த நகைக்கு வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, திருவிழா வரி எந்தெந்த வீட்டில் நிலுவையில் நிற்கிறது என்பவையே அம்மூன்றும். குருமடத்தில் படித்த காலத்தில் பண்டகசாலைக் கணக்கை எழுதும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அரிசி, பருப்பு, விறகு என்று பத்தி பிரித்து எழுதி, மாதக் கடைசியில் ஐந்து ரூபாய் மிச்சம் காட்டினால் அன்று எனக்கு நல்ல உறக்கம் வரும். அந்தப் பழக்கம் இந்த ஐம்பத்தைந்து வயதிலும் என்னை விட்டுப் போகவில்லை. "சாமியிடம் கொடுத்தால் கணக்கைச் சுருக்கிவிடுவார்" என்று மக்கள் சொல்லும்போது எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமை உடைந்த கதையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு மாலை, எங்கள் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் தம் மகனை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். திருச்சியில் பொறியியல் படிக்கும் பிள்ளை அவன். அவனுடைய கல்லூரிக்கும் பின்லாந்து நாட்டின் தலைநகரான ஹெல்சிங்கியிலுள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்திற்கும் மாணவர் பரிமாற்ற உடன்பாடு இருந்தது. ஒரு பருவம், அதாவது ஆகஸ்டு நடுவிலிருந்து டிசம்பர் முடிய, அங்கே சென்று படிக்க அவன் தெரிவு செய்யப்பட்டிருந்தான்.

"படிப்புக்குக் காசே கெடையாதாம் சாமி" என்றார் அந்தத் தாய், கண்களில் ஒளியோடு.

அது உண்மைதான். ஐரோப்பிய ஒன்றியத்திற்கு வெளியிலிருந்து பட்டப்படிப்புக்கு வருவோரிடம் பின்லாந்து 2017 முதல் கல்விக் கட்டணம் பெறுகிறது. பரிமாற்ற மாணவர் தம் சொந்தக் கல்லூரிக்குரிய கட்டணத்தைச் செலுத்தினால் போதும், அங்கே செலுத்தவேண்டியதில்லை. ஆனால், "கட்டணம் இல்லை" என்ற சொல் நம் ஊர்க் காதுகளில் "செலவில்லை" என்று விழுந்துவிடுகிறது. தங்குவதற்கும் உண்பதற்கும் உடுப்பதற்கும் யார் கொடுப்பார்? ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்முஸ் திட்டத்தின்கீழ் செல்வோருக்குப் பயணச் செலவும் மாத உதவித்தொகையும் கிடைக்கும். இவன் சென்றது அந்தத் திட்டத்தில் அன்று. அந்நாட்டில் கல்விக்காகத் தங்க இசைவு பெறுவதற்கு, மாதத்திற்கு 800 யூரோ வீதம் தன் பெயரில் பணம் இருப்பதாக மாணவன் காட்டவேண்டும். ஐந்து மாதத்திற்கு 4,000 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய மூன்று லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். விமானச் சீட்டும் மருத்துவக் காப்பீடும் இதற்கு மேல்.

அந்தக் குடும்பத்தின் நிலை எனக்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையேறியபோது எங்கள் வட்டாரத்து முந்திரித் தோப்புகள் ஓர் இரவில் வேரோடு சாய்ந்தன. அவர்களுடைய ஒன்றரை ஏக்கரில் நின்றவை நான்கே மரங்கள். மீண்டும் ஒட்டுக்கன்று வைத்து, தண்ணீர் சுமந்து ஊற்றி, அவை காய்ப்புக்கு வரும்வரை அந்தத் தாய் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார். கொட்டையின் தோலிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு அவருடைய விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். அந்த விரல்களால்தான் தம் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி அடகு வைத்தார். சீட்டுப் பணமும் உறவினர் கைமாற்றும் சேர்ந்தன. 4,000 யூரோ உருவாயிற்று.

புறப்படுவதற்கு முந்தைய வாரம் அவனை மேசையருகே அமர்த்தி, ஒரு நாற்பது பக்க நோட்டைத் திறந்தேன். மாதச் செலவுத் திட்டத்தை இருவரும் எழுதினோம். அறை வாடகை 410 யூரோ. உணவு 150. பேருந்து, தொடர்வண்டிப் பயண அட்டை 40. தொலைபேசி 20. இதர செலவு 30. ஆக 650. மாதந்தோறும் 150 கையில் நிற்கும். ஐந்து மாதத்தில் 750. "இது ஆபத்துக்கு உதவும் பணம்" என்று அடியில் கோடிட்டேன். நல்ல திட்டம் என்றே இன்றும் சொல்வேன்.

அந்தத் தாய் ஒரு செம்பு நெய் கொண்டுவந்திருந்தார். பாலால் ஆன பண்டங்களையும் இறைச்சியையும் வெளிநாட்டுப் பயணிகள் ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் கொண்டுபோகக் கூடாது என்பதை எடுத்துச் சொல்லி நெய்யைத் திருப்பிக் கொடுத்தேன். வறுத்த முந்திரிப் பருப்பு இரண்டு கிலோ மட்டும் பெட்டிக்குள் போயிற்று.

எல்லாம் முடிந்து அவன் எழுந்தபோது, நான் ஒரு சொல் கூடுதலாகச் சொன்னேன்: "முடிந்தவரை மிச்சம் பிடி, தம்பி. அம்மாவின் கழுத்தை நினைத்துக்கொள்."

அறிவுரை என்று எண்ணித்தான் சொன்னேன்.

ஐந்து மாதமும் ஓடி மறைந்தன. அவன் 135 நாள் அங்கிருந்து, டிசம்பர் இறுதியில் ஊர் திரும்பினான். கையில் 1,300 யூரோ மிச்சம். ஏறக்குறைய ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய். பொங்கலுக்குள் சங்கிலி மீட்கப்பட்டு அந்தத் தாயின் கழுத்தில் ஏறியது. எனக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. நாம் திட்டமிட்டது 750. பிள்ளை 1,300 கொண்டுவந்திருக்கிறானே! அடுத்த ஞாயிறு மறையுரையில் அவனை எழுந்து நிற்கச் சொன்னேன். "சிக்கனம் என்றால் என்னவென்று இந்தப் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்றேன். கோவிலில் கைதட்டல் எழுந்தது. அவன் தலைகுனிந்து நின்றான். அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றிரவு எட்டு மணிக்கு அவன் தனியாக வந்தான். கையில் அந்த நாற்பது பக்க நோட்டு.

"சாமி, அடுத்து யாராவது போனா அவங்ககிட்ட என்னைய மாதிரி இருக்கச் சொல்லிடாதீங்க" என்று சொல்லி நோட்டை மேசைமேல் வைத்தான்.

நான் பிரித்துப் பார்த்தேன். கணக்கு எழுதிய கைக்குக் கணக்கு உடனே பிடிபடும். வாடகை 2,050, பயண அட்டை 200, தொலைபேசி 100, போர்வை, பழைய மேற்சட்டை, காலணி ஆகியவற்றுக்கு 80. செலவான 2,700இல் இவை போக எஞ்சியது 270. நூற்று முப்பத்தைந்து நாள் உணவுக்கு 270 யூரோ. நாளொன்றுக்கு இரண்டு யூரோ!

பக்கங்களைப் புரட்டினேன். நாள்தோறும் மூன்று வரி எழுதியிருந்தான். "காலை: ஓட்ஸ் கஞ்சி. மதியம்: இல்லை. இரவு: சோறு, உருளைக்கிழங்கு." மறுநாளும் "மதியம்: இல்லை." அதற்கு மறுநாளும் அதுவே. செப்டம்பரில் சில நாள்களில் "மதியம்: முந்திரி 10" என்று இருந்தது. அக்டோபரில் அந்தப் பத்து ஐந்தாயிற்று. பின்பு அதுவும் நின்றது. நவம்பர் 14க்கு நேரே, "வகுப்பில் தலை சுற்றியது. தண்ணீர் குடித்தேன்" என்று எழுதியிருந்தான்.

"ஏன் தம்பி?" என்று கேட்க நா எழவில்லை. அவனே சொன்னான்.

அந்நாட்டு உயர்கல்வி நிலையங்களில் மாணவர் உணவகங்கள் உண்டு. அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனமான கேலா மாணவர் உணவின் விலையில் ஒரு பகுதியை ஏற்றுக்கொள்கிறது. அதனால் ஏறக்குறைய மூன்று யூரோவுக்கு ஒரு முழு உணவு கிடைக்கும். சூடான ஒரு கறியும் உருளைக்கிழங்கோ சோறோ, பச்சைக் காய்கறி, ரொட்டி, தடவிக்கொள்ள வெண்ணெய், ஒரு குவளைப் பால் எல்லாம் அதில் அடக்கம். நகரத்தின் சாதாரண உணவகத்தில் மதிய உணவு இதைப்போல் நான்கு மடங்காகும். ஆகவே அந்த நகரில் ஓர் ஏழை மாணவனுக்கு அதைவிட மலிவான நிறைவான உணவு வேறில்லை.

"மொத நாள் போய் நின்னேன் சாமி. மூணு யூரோன்னு போட்டிருந்துச்சு. எரநூத்து எழுபது ரூவான்னு மனசு கணக்குப் போட்டுச்சு. நம்ம ஊர்ல அதுக்கு நாலு பேர் சாப்பிடலாம். அம்மா எத்தனை கிலோ ஒடைக்கணும்னு நெனச்சேன். தட்டை எடுத்த எடத்துலயே வச்சிட்டு வந்துட்டேன்."

அதன்பின் அவன் அந்த உணவகத்தின் பக்கமே போகவில்லை. உடன் படித்தவர்கள் அழைத்தபோது, "அறையில் சமைத்திருக்கிறேன்" என்றான். ஞாயிறுதோறும், 1860இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஹென்றி பேராலயத்துக்குத் திருப்பலிக்குப் போயிருக்கிறான். பின்லாந்து முழுமைக்கும் ஒரே மறைமாவட்டம். அதன் தலைமை ஆலயம் அது. வழிபாட்டிற்குப்பின் கூடிக் காப்பி அருந்துவது அந்நாட்டுக் கோவில்களில் பரவலான வழக்கம். அங்கே காசு போட ஒரு பெட்டி இருக்குமோ என்ற அச்சத்தில், இறுதி ஆசீர் முடிந்ததும் இவன் முதல் ஆளாக வெளியேறிவிடுவான். டிசம்பர் நடுவில் ஹெல்சிங்கியில் பகல் ஆறு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. பிற்பகல் மூன்றேகால் வாக்கில் சூரியன் மறைந்துவிடும். அந்த இருட்டில், வெறும் வயிற்றோடு, பேச்சுத் துணையின்றி அறைக்கு நடந்திருக்கிறான் என் பங்கின் பிள்ளை. அவன் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது என் குரல்: மிச்சம் பிடி, தம்பி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. லூக்கா நற்செய்தியில் கோபுரம் கட்ட விரும்பும் ஒருவனைப்பற்றிய உவமை உண்டல்லவா? முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுபவனே அறிவாளி என்று அதை எத்தனை முறை மறையுரையாற்றியிருக்கிறேன்! கல்லுக்கு எவ்வளவு, சுண்ணாம்புக்கு எவ்வளவு என்றெல்லாம் விரித்துரைத்திருக்கிறேன். கல் சுமப்பவனுடைய மதியச் சோற்றை நான் ஒருநாளும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேசியதில்லை. செலவைக் கணக்கிடுவதன் நோக்கம் கோபுரத்தைக் கட்டி முடிப்பது. பணத்தை மிச்சம் பிடிப்பது அன்று. நானோ 150 என்று உணவுக்கு ஒழுங்காக எழுதிவிட்டு, எழுந்து போகிறவனிடம் ஒரே சொல்லால் அந்த வரியை அடித்துவிட்டேன்.

இன்னொன்றும் என்னை உறுத்தியது. எனக்கு என்றாவது மதியம் இல்லாமல் போயிருக்கிறதா? பங்கு இல்லத்து மேசையில் வேளைக்குச் சோறு வந்துவிடுகிறது. ஏதோ ஒரு வீட்டிலிருந்து மீன் குழம்பு வரும். இன்னொரு வீட்டிலிருந்து இலை அடை வரும். உண்டு நிறைந்தவன் இருபது வயதுப் பிள்ளைக்குச் சிக்கனம் போதித்திருக்கிறேன். குருமடத்தில் நான் மிச்சம் காட்டிய அந்த ஐந்து ரூபாய் யாருடைய தட்டிலிருந்து வந்தது என்று அன்று நான் கேட்டதுண்டா?

மறு ஞாயிறே என் பாராட்டைத் திரும்பப் பெற விரும்பினேன். "அம்மாவுக்குத் தெரியவேண்டாம் சாமி" என்று அவன் மன்றாடினான். மூன்று வாரம் கழித்து அவனே தாயிடம் நோட்டைக் காட்டினான். அவர் அழவில்லை. என்னிடம் வந்து வாசற்படியில் அமர்ந்து, வெகுநேரம் கழித்துச் சொன்னார்: "தெனமும் போன்ல கேட்டேனே சாமி, என்ன சாப்ட்டேன்னு. சோறுன்னான். எவ்வளவுன்னு நான் கேக்கலையே."

இருவருடைய இசைவோடுதான் இதை எழுதுகிறேன்.

2025ஆம் ஆண்டு எங்கள் வட்டாரத்திலிருந்து ஒரு மாணவி அதே நகருக்கு ஒரு பருவம் செல்லும் வாய்ப்புப் பெற்றாள். இம்முறை கணக்கு நோட்டை நான் எழுதவில்லை. அந்த இளைஞனையே வரவழைத்து எழுதச் சொன்னேன். நான் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தேன். அவன் சொன்னவை பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பும் பெற்றோருக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

முதலாவது, யூரோவை ரூபாயாக மாற்றிப் பார்ப்பது புறப்படுமுன் ஒரே ஒரு முறை. கடனைத் தீர்மானிக்க அது தேவை. விமானம் ஏறியபின் அந்தப் பழக்கத்தை விட்டுவிடவேண்டும். "அங்க போனப்புறம் எல்லாத்தையும் மத்தியானச் சாப்பாட்டால அளந்து பாரு, தங்கச்சி" என்றான் அவன். மாணவர் உணவு ஒன்று மூன்று யூரோ. அதுதான் அளவுகோல். பழைய பொருள் சந்தையில் குளிருக்கான மேற்சட்டை 25 யூரோ என்றால் அது எட்டு மதிய உணவு. நான்கு மாதம் உடலைக் காக்கும் சட்டைக்கு எட்டு உணவு மிகையன்று. கடையில் ஒரு வேளை பீட்சா 15 யூரோ என்றால் அது ஐந்து மதிய உணவு. அதை யோசித்துச் செய்யவேண்டும். எந்த ஊரில் வாழ்கிறோமோ அந்த ஊரின் எளிய உணவே அந்த ஊரின் நாணயம் என்பதை அவன் பட்டினியால் கண்டுபிடித்திருந்தான்.

இரண்டாவது, முதல் மாதச் செலவைத் தனியே எழுதவேண்டும். அறைக்கு முன்பணம் கேட்பார்கள். வெறும் அறையாகத் தந்தால் மெத்தை, போர்வை, சட்டி, கரண்டி எல்லாம் வாங்கவேண்டும். இதற்கு வழியில்லாமல்தான் முதல் மாதத்திலேயே உணவில் கைவைக்கத் தொடங்குகிறார்கள். புதிதாக வாங்காமல் பழைய பொருள் சந்தைகளில் வாங்கலாம். அவற்றை அந்நாட்டார் கிர்ப்புத்தோரி என்பர். அங்கே வாங்குவதை யாரும் இழிவாக எண்ணுவதில்லை.

மூன்றாவது, மிச்சம் பிடிக்கத் தக்க இடங்கள் உண்டு. குழாய்த் தண்ணீர் தூய்மையானது. காசு கொடுத்துத் தண்ணீர் வாங்கவேண்டாம். அன்றோடு காலம் முடியும் ரொட்டியையும் காய்கறியையும் கடைகளில் விலை குறைத்துத் தருவார்கள். உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோசு, ஓட்ஸ் ஆகியவை மலிவு. வெற்றுப் பாட்டில்களைக் கடையிலுள்ள இயந்திரத்தில் போட்டால் முன்பணம் திரும்பும். பெரிய நெகிழிப் பாட்டிலுக்கு 40 சென்ட், தகரக் குவளைக்கு 15 சென்ட். இவற்றில் சிக்கனம் பிடிக்கலாம். மதிய உணவில் பிடிக்கக்கூடாது. "அந்த வரியை மட்டும் பேனாவால எழுது, மத்ததைப் பென்சிலால எழுது" என்றான்.

நான்காவது, "கூட்டுக் காப்பி" என்று ஒரு வரி. மாதம் 20 யூரோ. நான் இதைக் கேட்டதும் வியந்தேன். அவன் விளக்கினான்: பின்லாந்து மக்கள் அதிகம் பேசமாட்டார்கள், ஆனால் உலகிலேயே மிகுதியாகக் காப்பி குடிப்போரில் அவர்களும் அடங்குவர். காப்பி மேசையில்தான் நட்பு பிறக்கும். தலை சுற்றிய அன்று தண்ணீர் கொடுக்கக்கூட அவனை அறிந்தவர் யாரும் அருகில் இருக்கவில்லை. ஐந்து மாதம் ஓர் ஊரில் இருந்துவிட்டு ஒருவரையும் அறியாமல் திரும்புவதற்குப் பரிமாற்றம் என்று பெயர் வைப்பது பொருந்துமா? பாடம் மட்டும் வேண்டுமென்றால் புத்தகமே போதும்.

ஐந்தாவதை மட்டும் நான் சொன்னேன். கடனைப்பற்றிப் பெற்றோரும் பிள்ளையும் புறப்படுமுன் முகம்பார்த்துப் பேசிக்கொள்ளவேண்டும். எவ்வளவு கடன், எப்போது தீர்ப்போம், பிள்ளையிடமிருந்து இந்த ஐந்து மாதத்தில் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பதை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமல் விட்டால், பிள்ளை தானே ஒரு தவணையை வகுத்துக்கொண்டு தன் வயிற்றிலிருந்து கட்டத் தொடங்கிவிடும். அந்த மாணவியின் தந்தை அன்று மகளிடம், "திரும்பி வரும்போது பணம் கொண்டாரவேணாம், தெம்பா வா" என்றார். பெரிய மறையுரை அது.

அவள் ஆகஸ்டில் புறப்பட்டுச் சென்றாள். முதல் வாரக் கணக்கைக் கைப்பேசியில் அனுப்பியிருந்தாள். நான் மொத்தத் தொகையைப் பார்க்கவில்லை. "மதியம்" என்ற சொல்லைத் தேடினேன். ஐந்து நாளும் அதன் எதிரே 3 என்று எழுதியிருந்தது.

அன்பு வாசகர்களே, ஹெல்சிங்கிக்குப் பிள்ளையை அனுப்புகிறவர்கள் நம்மில் சிலரே. ஆனால் திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பாத வீடு நம் பங்குகளில் எத்தனை? மாதந்தோறும் அங்கிருந்து வரும் பணத்தை எண்ணி மகிழ்கிறோம். இவன் பொறுப்பான பிள்ளை என்று ஊருக்குச் சொல்கிறோம். நானும் பீடத்தருகே நின்று அப்படித்தான் சொன்னேன். அந்தத் தொகை எந்த வரியை அடித்துவிட்டு வந்தது என்று கேட்டோமா?

இன்றிரவு தொலைபேசியில் உங்கள் பிள்ளையிடம் வழக்கம்போல, "என்ன சாப்பிட்டாய்?" என்று கேளுங்கள். பதில் வந்தபின் வைத்துவிடாதீர்கள். இன்னும் ஒரு கேள்வி மீதமிருக்கிறது.

"எவ்வளவு?"